ஏழாம் பாத்தி விளைவு

அப்பாவின் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஈரத்துணியின் முனையை முறுக்கி, நகங்களுக்குள் இருந்த மண்ணை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை தம்பியின் பொறுப்பு. சிறு வயதிலிருந்தே வீட்டில் எந்த வேலையையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டுதான் பழக்கம். யார் முதலில் முடிப்பது என்ற போட்டி மட்டும் இன்றைக்கு இல்லை.

"மண்ணு கெடக்கட்டும்டி. அவருக்கு அது என்ன புதுசா" என்றாள் அம்மா. அலமாரியிலிருந்து எடுத்த வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தது. அதைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் துணியில் ஒட்டியிருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தகப்பன் இறந்து கிடக்கும்போது நகத்து மண்ணின் நிறத்தை ஆராய்கிற மகளைப் பற்றி நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆராய்ச்சி நிலையம் அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே மண்ணைப் பார்ப்பதற்குத்தான்; கண் தானாகப் போய்விடுகிறது. அப்பாவின் நிலம் செம்பழுப்பு. இது கறுப்பு. விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் வழவழத்தது. யாரும் கவனிக்காதபோது மோந்தும் பார்த்தாள். மாட்டுத்தொழுவ வாசனை.

"காலைல அப்பா எங்கம்மா போயிருந்தாரு?"

"ஏழாம் பாத்திக்கு. வந்தாரு, முதுகு வலிக்குதுன்னாரு, படுத்தாரு. தண்ணி கேட்டாரு. நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள…" அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "வைத்தியர் வந்து பாத்துட்டு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னாரு. அவருக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கல."

"ஏழாம் பாத்தில அவருக்கு என்ன வேலை?"

அம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி அப்பாவின் வலது கட்டை விரலைத் துடைத்தான். அது ஏற்கெனவே துடைத்த விரல்.

ஏழாம் பாத்தியில் யாருக்கும் எந்த வேலையும் இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. நிலையத்தின் பண்ணையில் ஆறு பாத்திகள், அப்பாவின் நிலத்தில் ஒன்று. பயிர் வைக்கலாம், அறுக்கலாம். எரு, தழை, சாம்பல் எதுவும் போடக் கூடாது. அறுத்த வைக்கோலைக்கூட விட்டுவைக்காமல் வாரிவிட வேண்டும். சோறு போடாமல் வேலை வாங்குவது என்று அப்பா அதைச் சுருக்கமாகப் புரிந்துகொண்டார். இப்படி வாங்கினால், மக்கிய தழையும் எருவும் மண்ணில் சேர்த்து வைத்திருக்கும் கரிமம் வருடாவருடம் எவ்வளவு குறையும் என்று கணினியில் முன்கூட்டியே சொல்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி. உள்ளே போவது இவ்வளவு, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக வெளியே விடுவது இவ்வளவு, மிச்சம் நிற்பது இவ்வளவு. வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிதான், பயப்படாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்வாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பலகை முழுக்கச் சமன்பாடுகளை எழுதுவாள்.

ஆறு பாத்திகள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஒழுங்காக, ஒரே சரிவில் குறைந்துகொண்டு வந்தன. ஏழாவது முதல் வருடம் மட்டும் குறைந்தது. அதற்குப் பிறகு குறைய மறுத்தது. சில வருடங்களில் கூடவும் செய்தது. இதை விளக்குவதற்காக அவள் நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். பண்ணை மண் வேறு, உழவர் நிலத்து மண் வேறு. உழவர் நிலத்தில் இருக்கும் களி கரிமத்தைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. பட்டினி போட்டாலும் விடுவதில்லை. சமன்பாட்டில் புதிதாக ஓர் உறுப்பு சேர்ந்தது. 'ஏழாம் பாத்தி விளைவு' என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. கருத்தரங்குகளில் அதற்குத் தனி அமர்வு. நிலையம் அந்தப் பாத்தியின் வளைகோட்டைத் தேநீர்க் கோப்பைகளில் அச்சடித்து விருந்தாளிகளுக்குக் கொடுத்தது. அதே பாத்தியில் பாஸ்பரஸும் ஏறிக்கொண்டே போனதற்குக் கொக்குகளின் எச்சம் காரணமாகலாம் என்று கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. அந்த வயலில் கொக்கு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

வருகிற வாரம் இந்தக் கணிப்பு நாட்டின் விளைநிலம் முழுவதற்குமான வரைபடமாக வெளிவர இருந்தது. உழவர் நிலமெல்லாம் அதில் பச்சை. பச்சை என்றால் மண் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், எரு போடச் சொல்லி யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டாம் என்று பொருள். வேளாண் துறை வற்புறுத்தாமல் இருப்பதற்கான சுற்றறிக்கையை இப்போதே தயாராக வைத்திருந்தது.

பத்து மணிக்கெல்லாம் வாசலில் நாற்காலிகள் போட்டாயிற்று. வந்தவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள், அம்மாவின் கையைப் பிடித்தார்கள், பிறகு நாற்காலி தேடி உட்கார்ந்து அப்பாவைப் பற்றி நல்லதாக எதையாவது ஞாபகப்படுத்திக்கொள்ள முயன்றார்கள். அப்பா பெரிய நன்மைகள் செய்தவரும் இல்லை, பெரிய கெடுதல்கள் செய்தவரும் இல்லை. ஆகவே கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேச்சு ஓடியது. பக்கத்துத் தொழுவத்துப் பால்காரர்தான் முதலில் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"அவன் மனசு யாருக்கு வரும் பாப்பா? அந்த ஏழாம் பாத்தியவே எடுத்துக்க. பட்டினி போடுன்னு மேலேருந்து உத்தரவு. இவனுக்கு மனசு கேக்கல. அறுப்பு முடிஞ்சதும் வைக்கோல எங்கிட்ட தள்ளிட்டு, எருவ வாங்கிட்டுப் போய்க் கொட்டுவான். வருஷம் தப்பாது."

கூட்டம் இதைப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. வாயில்லாத மண்ணுக்கே இரங்கியவர் என்றார் ஒருவர். இருட்டு பிரிவதற்கு முன் கூடையும் கையுமாகப் போவதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். ஒவ்வொரு புகழுரையும் அவளுடைய வளைகோட்டில் ஒரு புள்ளியைக் காலி செய்தது.

அவள் பால்காரரின் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு?"

"எது பாப்பா?"

"எரு. ஒரு வருஷத்துக்கு எவ்வளவு போட்டாரு?"

"ரெண்டு டிரெய்லர் வரும்…"

"முழுசாவா, தலை தட்டியா? மக்கினதா, பச்சயா?"

"மக்கினதுதான். நீ கொஞ்சம் தண்ணி குடி பாப்பா."

"ஈரம் இருக்குமா? கையில புடிச்சா உருண்டை நிக்குமா?"

பால்காரர் திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுதுவிடச் சொன்னாள், உள்ளே வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஏதாவது பேச வரும் என்றாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒரு பெண் தன் கணவனிடம், படிப்பு அதிகமானால் துக்கம் இந்த மாதிரிதான் கிளம்பும் என்று தாழ்ந்த குரலில் விளக்கினாள். உருண்டை நிற்குமா என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

சமையலறையில் தம்பி தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

"உனக்கு எப்போலேருந்துடா தெரியும்?"

"மொதல் வண்டியே நான்தாங்க்கா ஓட்டினேன்" என்றான். ஓட்டுநர் வேலையோடு தன் பங்கு முடிந்துவிட்ட தொனி. "நீயா கேட்டா சொல்லு, இல்லன்னா வாயத் தொறக்காதன்னாரு. நீ எங்கிட்ட கேக்கவே இல்ல."

அவனிடம் கேட்கவில்லை என்பது உண்மைதான். அப்பாவிடம் கேட்டாள். ஒவ்வொரு வருடமும் துளைக்கருவியோடு மண் எடுக்க வரும்போது, "ஒண்ணும் போடலியேப்பா?" என்பாள். "நான் எதுக்குப் போடப்போறேன்" என்பார். அது கேள்வியா பதிலா என்று அவள் யோசித்ததில்லை. "நேர்காணல் மூலம் உறுதி செய்யப்பட்டது" என்று கட்டுரையில் எழுதினாள்.

"ஏன் போட்டாரு?"

தம்பி தோளைக் குலுக்கினான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அம்மாதான் சொன்னாள். முதல் வருடக் கணக்கு வந்த அன்று அவள் போன் செய்தாளாம். அப்பா, உங்க பாத்தி குறைஞ்சிடுச்சு என்றாளாம். குரல் கம்மியிருந்ததாம். அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் போய்ப் பால்காரரைப் பார்த்தார்.

"அது சளிம்மா" என்றாள் அவள். "அன்னிக்கு எனக்குச் சந்தோஷம். கொறையும்னு நான் முன்னாடியே சொல்லியிருந்தேன். சொன்ன மாதிரியே கொறஞ்சுது. அதுதான் சரி."

"எனக்கென்னடி தெரியும். ஆறு பாத்தி அவங்களோடது, ஒண்ணு நம்மளோடது. நம்மளோடது கொறஞ்சா உனக்கு அங்க மரியாதை இருக்காதுன்னு நெனச்சாரு." அம்மா கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். "அடுத்த வருஷம் நீ போன் பண்ணி, அப்பா, கொறையவே இல்ல, ஆச்சரியமா இருக்குன்னு கத்தின. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. அதுக்கப்புறம் எப்படி நிறுத்துவாரு?"

தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா வெளியே போனாள். தேநீர் கொடுக்க வேண்டியவள் அவள் இல்லை என்று அங்கே இருவர் தடுத்தார்கள். சும்மா உட்கார முடியாது என்று சொல்லிவிட்டு அம்மாவே கொடுத்தாள்.

வீட்டுப் பக்கவாட்டில் பால்காரர் தனியாக நின்றிருந்தார். துக்கத்தில் இருப்பவளிடம் வாக்குவாதம் வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இந்த முறை கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். அப்பா ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்த வருடம் எரு போகவில்லை. அந்த வருடச் சரிவை அவள் மழைக் குறைவு என்று எழுதியிருந்தாள். தம்பியின் கல்யாண வருடம் தாராளமாகப் போனது. அதற்கு அவள் வைத்திருந்த விளக்கம் வெப்பநிலை.

"போன வருஷம்?"

பால்காரர் தொழுவத்தைப் பார்த்தார். "கம்மி பாப்பா. அதுக்கு முந்தின வருஷமே கம்மிதான். டிரெய்லர் வேண்டாம், பையன் ஓட்டிட்டு வந்தா எனக்கு மூச்சு வாங்கறதப் பாத்துக் கேள்வி கேப்பான், நானே கூடையில கொண்டு போறேன்னான். பத்து கூடை போனா உக்காந்துடுவான். நெஞ்ச இப்படிப் புடிச்சுக்குவான். வீட்ல சொல்லுடான்னேன். அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை, இதப் போய் சொல்லிகிட்டுன்னு என் வாயயும் அடைச்சிட்டான்."

அவள் தலையாட்டினாள். போன வருடப் புள்ளி இறங்கியிருந்தது. அதற்கு முந்தின வருடமும் இறங்கியிருந்தது. இரண்டையும் முதலில் பார்த்தவள் அவள்தான். கரிமம் அளக்கும் கருவியில் கோளாறு என்று முடிவு செய்து, தயாரித்த இடத்திலிருந்து பழுது பார்ப்பவரை இரண்டு தடவை வரவழைத்தாள். வந்தவர் கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது மேடம், உங்கள் மண்ணைப் பாருங்கள் என்றார். வேலை தெரியாத ஆள் என்று அவரைப் பற்றி அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தாள்.

விதை மூட்டைகள் அடுக்கியிருந்த உள்ளறையில் ஒரு மூட்டைமேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். சமன்பாட்டிலிருந்து அந்தப் புதிய உறுப்பை எடுத்துவிட்டாள். மாணவியாக இருந்தபோது எழுதிய பழைய, எளிய கணக்கு மட்டும் மிஞ்சியது. அதில் பால்காரர் சொன்ன எருவை வருடவாரியாக உள்ளே கொடுத்தாள். ஈரத்துக்கு ஓர் உத்தேசம் வைத்தாள். கணினி சில நொடிகள் யோசித்துவிட்டுக் கோடு போட்டது. கோடு புள்ளிகளின் மேல் ஏறி இறங்கிப் போயிற்று. கால் உடைந்த வருடத்தில் பள்ளம். கல்யாண வருடத்தில் மேடு. கடைசி இரண்டு வருடங்களில் சரிவு. பிழை என்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஒன்றும் இல்லை. இத்தனை அழகாகப் பொருந்திய கணிப்பை அவள் தொழிலில் பார்த்ததில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் எழுந்து போய் யாரிடமாவது காட்டியிருப்பாள்.

திரையை மூடினாள். அத்தை எட்டிப் பார்த்து, அப்பாவுக்குச் சட்டை போட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள். போய்ப் போட்டுவிட்டாள். கை மடங்க மறுத்தது. தம்பி முழங்கையைப் பிடித்துக்கொள்ள, அவள் மெதுவாக இழுத்தாள். அம்மா தைத்த பொத்தான் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியது.

ஆராய்ச்சி நிலைய இயக்குநர் மதியத்துக்கு மேல் வந்தார். நிலையத்தின் பெயர் எழுதிய மலர்வளையத்தை வைத்துவிட்டு, கண் மூடி, எவ்வளவு நேரம் மூட வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டு திறந்தார். அவளைத் தெருமுனையில் நின்ற காருக்கு அருகே அழைத்துப்போனார். விடுப்பு எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். வரைபடம் தயாராகிவிட்டது, ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி, அதற்கும் அவசரம் இல்லை, நாளைக்குக்கூடப் போதும் என்றார்.

அவள் சொன்னாள். வரிசையாக, குரல் உயர்த்தாமல், மாணவர்களுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் சார். காலைலேருந்து அதச் சொல்லித்தான் அப்பாவப் புகழ்ந்துகிட்டு இருக்காங்க."

இயக்குநர் வாசலைப் பார்த்தார். நாற்காலிகள் நிறைந்திருந்தன. "அதெல்லாம் இரங்கல், டாக்டர். டேட்டா இல்ல."

"இவ்வளவு நாளா நாம வச்சிருந்ததும் டேட்டா இல்ல சார்."

துக்க நாளில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்றார் அவர். ஒரு பாத்தி போனால் என்ன, விளைவு விளைவுதானே என்றார். வேறு நிலங்களிலும் இருக்கலாம், இல்லை என்று நிரூபிக்கப்படவில்லை என்றார். கடைசியில், கோப்பைகளை என்ன செய்வது என்றார். இது தன்னை அறியாமல் வந்துவிட்டது. உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"நான் கையெழுத்து போடப்போறதில்ல சார். அந்த உறுப்ப எடுத்தா முக்கால்வாசிப் பச்சை போயிடும். போகட்டும். எரு போடாத நிலம் எங்கயும் தாக்குப் பிடிக்கல, எங்க அப்பாவோடதும் பிடிக்கல. கட்டுரைய வாபஸ் வாங்கற கடிதமும் நானே எழுதறேன்."

"உங்களுக்குப் பேர் வாங்கிக் குடுத்த விளைவு. உங்க வாழ்க்கை."

"ஆமா சார்."

இயக்குநர் காரின் கூரைமேல் விரலால் தட்டினார். பிறகு, அவர் கெட்டவர் இல்லை என்பதாலும் வேறு எதுவும் தோன்றாததாலும், "கட்டுரையில உங்க அப்பாவுக்கு நன்றி சொல்லியிருந்தோமே" என்றார். "நிலம் குடுத்து உதவினதுக்கு. அத என்ன பண்றது?"

"நன்றியிலேருந்து எடுத்துடலாம் சார். செய்முறைப் பகுதியில வரணும் அவரு."

சொன்னபின்தான் இதற்குச் சிரிக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. இயக்குநர் அவள் தோளைத் தொடுவதா வேண்டாமா என்று தயங்கி, கார்க் கதவைத் திறந்தார்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு ஆட்கள் அதிகமாகவும் பிடிக்க இடம் குறைவாகவும் இருந்தது. அப்பா அவ்வளவு இளைத்திருந்தார். அம்மா வண்டி வரைக்கும் நடந்து வந்து, கதவு மூடுவதற்கு முன், சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துவிட்டு விலகிக்கொண்டாள். போனார்கள். முடிந்தது. திரும்பி வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வீட்டுக்குள் போகாமல் பின்பக்கமாக வரப்பில் இறங்கினாள். தம்பி பின்னாலேயே வந்தான். ஏன் வருகிறான் என்று அவளும் கேட்கவில்லை, எங்கே போகிறாள் என்று அவனும் கேட்கவில்லை.

ஏழாம் பாத்தியின் கிழக்குப் பாதி கறுப்பாக இருந்தது. எரு பரவலாக, கைக்கு வந்த ஒழுங்கில் இறைந்திருந்தது. பாதி தூரம் போனதும் நின்றுவிட்டது. அங்கே ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் வெறும் செம்பழுப்பு மண். வரப்போரம் மிச்ச எரு குவியலாக, சாக்கு போட்டு மூடியிருந்தது; மற்ற நாளில் வழியே போனாலும் அவள் கண்ணில் பட்டிருக்காது.

தம்பி கூடையை நிமிர்த்தினான். உள்ளே ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டான். 

"அக்கா, மீதியையும் போட்டுடட்டுமா? இல்ல, இதோட விட்டுடறதா? உன் கணக்கு கெட்டுடுமா?"

அவள் பாத்தியைப் பார்த்தாள். பாதி வயிற்றோடு எழுந்து போனவரின் தட்டு மாதிரி இருந்தது. பாதியில் விட்டால் இந்த வருடம் எந்தக் கணக்கிலும் சேராது.

"தெரியாமப் போட்டாத்தான்டா கெடும்" என்றாள். "போடு. எடை போட்டுப் போடு."

எதைக்கொண்டு எடை போடுவது என்று தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு பால்காரர் தொழுவத்துக்குப் போய், தீவனம் நிறுக்கிற தொங்கு தராசைக் கேட்டு வாங்கி வந்தான். அவள் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாக்கை விலக்கி, இரண்டு கையாலும் அள்ளிக் கூடையை நிரப்பினாள். அவன் தராசின் கொக்கியில் கூடையை மாட்டி, தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான். கூடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. முள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவுக்கா?"

"இரு. நிக்கட்டும்."